படத்தில் மனிதன் எங்கே?

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் சுவரொட்டி அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கு கட்டங்களில் நான்கு பாம்புகள், கீழே பெயர்கள். அதற்கும் கீழே, கடித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும் என்று ஒரு வரி. இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் பெரும்பகுதிக்கு இந்த நான்கும்தான் காரணம். ஆகவே சுவரொட்டியில் தகவல் பிழை ஏதும் கிடையாது. ஆனால் அதில் மனிதன் இல்லை.

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. வெள்ளாற்றை ஒட்டி நெல்லும் கரும்பும், சற்றுத் தள்ளிச் செம்மண் மேட்டில் முந்திரியும் விளையும் வட்டாரம். இப்படிப்பட்ட ஊர்களில் பாம்புக்கடி எப்படி நேர்கிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டப் போகையில் வரப்பில் கடிக்கும். முந்திரிக்கொட்டை பொறுக்கச் சருகை விலக்கும் விரலில் கடிக்கும். கரும்பு வெட்டுகையில், அடுக்கிய விறகை உருவுகையில், தரையில் பாய் விரித்துத் தூங்குகையில் கடிக்கும். இவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இருக்கிறார், ஒரு வேலை இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது. கதைக்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. சுவரொட்டிக்குப் போகும் வழியில் அத்தனையும் உதிர்ந்துபோய், பாம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மருத்துவ அறிவியலைப் படமாகவும் கதையாகவும் மக்களிடம் கொண்டுபோவதைப் பற்றிய இந்த அத்தியாயத்துக்கு நான் பாம்புக்கடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். அதற்கு முந்தைய ஆய்வு ஒன்று, இத்தகைய சாவுகளில் நான்கில் மூன்றுக்கும் மேல் மருத்துவமனைக்கு வெளியே நேர்வதைக் காட்டியது. மருந்து இருக்கிறது, நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. கடிபட்ட உடலுக்கும் அந்த மருந்துக்கும் நடுவே நிற்பவற்றில் தூரமும் வறுமையும் இருக்கின்றன. அவற்றோடு, நாம் மனதில் வைத்திருக்கும் தவறான படங்களும் இருக்கின்றன. அந்த மூன்றாவது தடையை அகற்றுவது எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் பொறுப்பு.

நான்கு பாம்புச் சுவரொட்டிக்கு ஒரு பூர்விகம் உண்டு. பேட்ரிக் ரசல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசுக்கு இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டார். விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு சோழமண்டலக் கரையின் பாம்புகளைச் சேகரித்தார். கருவேப்பிலங்குறிச்சி இருக்கும் கடலூர் மாவட்டமும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அவருடைய நோக்கம் மருத்துவம் சார்ந்தது: எது நஞ்சுள்ளது, எது நஞ்சில்லாதது என்று பார்த்தவுடன் பிரித்தறிய வழி செய்ய வேண்டும். கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு நஞ்சின் வேகத்தைக் குறித்துவைத்தார். அந்நாளில் பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்த, ஆர்சனிக் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்தார். அதன் புகழுக்கு ஏற்ற பலன் அவருக்குத் தென்படவில்லை. 1796-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் சோழமண்டலப் பாம்புகள் வண்ணப் படங்களாக இடம்பெற்றன. கண்ணாடி விரியனுக்கு உலகெங்கும் அவர் பெயரே நிலைத்தது.

மருத்துவர் ஜோசப் ஃபேரர் கல்கத்தாவில் செய்த வேலையிலிருந்து 1872-இல் இன்னொரு பெரிய நூல் வந்தது. அதன் படங்களை வரைந்தவர்கள் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் இந்திய மாணவர்கள். செதில் செதிலாக, மினுமினுப்புக் குறையாமல் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கைத்திறனைப் பார்க்கும்போது இன்றும் மனம் நிறைகிறது. ஆனால் இரண்டு நூல்களும் மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் செய்யப்பட்டவை. கடிபடுகிறவர் கையில் அவை ஒருநாளும் வந்ததில்லை. பாம்பைப் பின்புலம் இல்லாமல், வெள்ளைத் தாளில், மாதிரிப் பொருளாகக் கிடத்தி வரையும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஆய்வாளருக்கு அது சரியான முறை. அதே முறையில் வரைந்த படத்தைத் தண்ணீர் கட்டப் போகிறவருக்கும் கொடுத்தால், பாம்பை அடையாளம் கண்டுபிடிப்பதுதான் தன் முதல் கடமை என்று அவர் எடுத்துக்கொள்வார்.

அப்படித்தான் நடக்கிறது. கடித்த பாம்பைத் தேடுகிறார்கள். புற்றை இடிக்கிறார்கள், விறகைக் கலைக்கிறார்கள். அடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறார்கள். இதற்குள் அரைமணி நேரம் போயிருக்கும். தேடப் போனவரும் கடிபட்டிருக்கலாம். உண்மையில் மருத்துவருக்கு அந்தப் பாம்பு தேவையில்லை. இந்தியாவில் கிடைக்கும் நஞ்சு முறிவு மருந்து ஒன்றேதான். அது நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. எந்தப் பாம்பு என்று தெரியாமலே, உடம்பில் தோன்றும் அறிகுறிகளைப் பார்த்து அதைச் செலுத்தலாம். எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் நட்டமில்லை. சுவரொட்டி சொல்லியிருக்க வேண்டிய முதல் செய்தி இது. பாம்பின் படத்தைப் பெரிதாகப் போட்டதால் அந்தச் செய்தி மறைந்துவிட்டது.

அந்த மருந்தின் கதையும் நம் கண்ணெதிரே நடப்பதுதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள், தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபின் நஞ்சு எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் அதற்குத் துணை நின்றார். பாம்பைப் பிடித்து, பானையில் வைத்துச் சில வாரம் காத்து, நஞ்சு எடுத்து, மறுபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைத் துளித்துளியாகக் குதிரைக்குச் செலுத்தினால் குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகும். அவற்றைப் பிரித்துத் தூய்மைப்படுத்தியதுதான் பத்து மில்லி குப்பியில் வரும் மருந்து. ஒரு குப்பி ஏறத்தாழ 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கும். ஒரு கடியில் அந்தப் பாம்பு சராசரியாக 60 மில்லிகிராமுக்கு மேல் இறக்கக்கூடும். தொடக்கத்திலேயே எட்டு, பத்துக் குப்பி ஏற்றுவது இதனால்தான். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு பாம்பின் பல்லிலிருந்து குதிரை வழியாக மனிதனின் ரத்த நாளத்துக்கு வந்து சேரும் இந்தப் பயணத்தை நான்கைந்து படங்களில் வரைந்துவிடலாம். பள்ளிச் சுவர்களில் ஏன் அது இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. மருந்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு அதன்மேல் நம்பிக்கை வரும்; கடிபட்ட அன்றைக்குப் புதிதாக அதை வரவழைக்க முடியாது.

சுவரொட்டிக்குப் போட்டியாக வேறு படங்கள் ஊரில் இருக்கின்றன. அவை பல மடங்கு வலுவானவை. சினிமாவில் நாயகியைப் பாம்பு கடிக்கும். நாயகன் துணியைக் கிழித்து இறுகக் கட்டுவான், கத்தியால் கீறுவான், வாயை வைத்து உறிஞ்சித் துப்புவான். அவள் கண் திறப்பாள். முப்பது நொடிக் காட்சி. அதில் ஆபத்து, செயல், பலன் மூன்றும் வரிசையாக வருகின்றன. அந்தக் காட்சியைப் பார்த்த நாலு தலைமுறைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தெரிந்தது எல்லாம் தப்பு என்பதுதான் துயரம்.

ஏன் தப்பு என்று பார்ப்போம். விரியன் நஞ்சு கடிவாயைச் சுற்றியுள்ள தசையையும் ரத்த நாளங்களையும் அரிக்கும். இறுகக் கட்டினால் நஞ்சு அங்கேயே தேங்கி, ரத்த ஓட்டமும் இல்லாத அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். பாம்புக்கடிக்குப் பின் விரலையோ காலையோ இழந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கட்டும் ஒரு காரணம். அந்தக் கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு மொத்தமாகப் பாயும். கட்டோடு வருகிறவரிடம் மருத்துவர்கள் கவனமாக நடந்துகொள்வது அதனால்தான். கண்ணாடி விரியன் நஞ்சு ரத்தத்தை உறையாமல் செய்துவிடும், ஆகவே கத்தியால் கீறிய இடம் நிற்காமல் ஒழுகும். நஞ்சு தோலுக்கு அடியில் ஊசி போட்டதுபோல் இறங்கிவிட்ட பிறகு வாயால் உறிஞ்சி எடுக்கக்கூடியது ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது சின்ன வேலை: நடக்கவிடாமல், ஓடவிடாமல், எலும்பு முறிந்த கையையோ காலையோ அசையாமல் வைப்பதுபோல ஒரு குச்சி வைத்துத் தளர்வாகச் சுற்றி, வண்டியில் ஏற்றுவது. திரையில் இதற்கு எந்தக் கவர்ச்சியும் இல்லை. இதை எப்படிக் கவர்ச்சியோடு காட்டுவது என்பதுதான் சவால்.

நாட்டுப்புறக் கதைகளும் இதே வலுவில்தான் நிற்கின்றன. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்கள். மனிதனுக்கு ஆபத்தில்லாத, மரத்தில் வாழும் மெலிந்த பாம்பு அது. ஆனால் மரம், சுடுகாடு, புகை என்று கதை கண்முன் நிற்கிறது. மந்திரிப்புக்கும் இப்படி ஒரு சாட்சியம் சேர்ந்துவிடுகிறது. நஞ்சில்லாத பாம்பு கடித்தவரும், நஞ்சுள்ள பாம்பு கடித்தும் நஞ்சு இறங்காதவரும் மந்திரித்தபின் எழுந்து நடக்கிறார்கள். எழுந்தவரை ஊர் பார்க்கிறது. எழாதவரைப் பற்றி, விதி என்று சொல்லி முடித்துவிடுகிறது.

கட்டுவிரியனுக்கு வருவோம். ஒற்றைப் படத்தால் சொல்லவே முடியாத மருத்துவக் கதை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வெக்கையான இரவு, மழை ஈரம். வீட்டின் முன் தாழ்வாரத்தில் ஒரு பையன் பாயில் தூங்குகிறான். எலியைத் தேடியோ வேறு எதற்கோ ஒரு கட்டுவிரியன் பாயோரம் ஊர்கிறது. அவன் புரள்கிறான். அது கடிக்கிறது. பல் சிறியது, வலி இல்லை, வீக்கம் இல்லை. எறும்பு கடித்ததாக நினைத்துச் சொறிந்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வயிற்று வலி என்று எழுகிறான். வாந்தி எடுக்கிறான். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தானாக மூடிக்கொள்கிறது. தூக்கக் கலக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பேச்சு குழறுகிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு மேலோட்டமாகிறது.

உள்ளே நடப்பது இது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் ஒரு மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. நரம்பின் முனை ஒரு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் விடும், அதைப் பெற்றுக்கொண்டு தசை சுருங்கும். நல்ல பாம்பின் நஞ்சு தசையின் பக்கத்தில், அந்தப் பொருள் வந்து சேரும் வாசலை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் முக்கிய நஞ்சு நரம்பின் பக்கத்தில் நுழைந்து முனையையே சிதைக்கிறது. வாசலை அடைத்ததை நீக்க மருந்தால் ஓரளவு முடியும். சிதைந்த முனை மீண்டும் வளர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை மூச்சு விடும் வேலையை வென்டிலேட்டர் செய்ய வேண்டும். நஞ்சு முறிவு மருந்து, இன்னும் நரம்புக்குப் போய்ச் சேராத நஞ்சைத்தான் பிடிக்கும். எனவே மூன்று மணிக்கு மருத்துவமனைக்குப் போவதற்கும் ஏழு மணிக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இமையைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல், கண்மணி வெளிச்சத்துக்குக்கூட அசையாமல் கிடக்கும் அந்தப் பையனுக்கு உணர்வு தெளிவாக இருக்கலாம். சுற்றி நடக்கும் பேச்சும் காதில் விழலாம். இறந்துவிட்டதாகத் தோன்றுகிறவர்கள் வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றப்பட்டு, நடந்து வீடு போனது உண்டு.

இதை ஒரு பாம்புப் படத்தால் எப்படிச் சொல்வது? பாம்பையே யாரும் பார்க்காத கடி இது. பாய், வயிற்று வலி, மூடும் இமை, இந்த மூன்றும் வரிசையாக வந்தால்தான் பார்ப்பவர் மனதில், தரையில் தூங்கியவருக்கு விடியலில் வயிறு வலித்து இமை சரிந்தால் அது பாம்புக்கடியாக இருக்கலாம் என்ற முடிச்சு விழும். மருத்துவத்தைச் சித்திரக்கதையாகச் சொல்ல வேண்டிய அவசியம் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் கட்டுவிரியன்தான். நேரம் கதையின் உள்ளே இருக்கும்போது படமும் நகர வேண்டும்.

படங்கள் தானாகப் புரிந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 1976-இல் யூனிசெஃப் துணையுடன் நேபாள கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அம்புக்குறி போன்ற அடையாளங்கள் பலருக்கு ஒன்றும் உணர்த்தவில்லை. வரிசையாக வைத்த படங்களை இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும், அவை ஒரே கதையின் பகுதிகள் என்ற எண்ணமும் எல்லோருக்கும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பழகியவை அவை. செய்யக் கூடாததை வரைந்து சிவப்புப் பெருக்கல் குறி போடும் நம் பழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். காலைக் கட்டும் கையை அழகாக வரைந்து அதன்மேல் இரண்டு கோடு இழுத்தால், சில மாதம் கழித்து நினைவில் நிற்பது கையா, கோடா? கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பான செயலை வரையாமலே விடுவது நல்லது என்பது என் கட்சி.

அரசாங்கமே சறுக்கிய இடமும் உண்டு. 2009 மே 31 முதல் இந்தியாவில் புகையிலைப் பொருள்களின் உறைகளில் எச்சரிக்கைப் படம் கட்டாயமானது. வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்குத் தேர்ந்தெடுத்த படம் ஒரு தேள். புற்றுநோய்க்கு அது அடையாளமாம். பாக்குப் பொட்டலத்தில் தேளைப் பார்ப்பவருக்கு அது கம்பெனி முத்திரையாகவும் தோன்றலாம். சரக்கு காரமானது என்ற விளம்பரமாகவும் தோன்றலாம். வாய்க்கும் தேளுக்கும் ஒரு தொடர்பும் அந்தப் படத்தில் இல்லை. சில ஆண்டுகளில் அதை எடுத்துவிட்டு, நோய் கண்ட வாயையே காட்டத் தொடங்கினார்கள்.

இதற்கு நேர்மாறாக, பெரியம்மை ஒழிப்பில் ஒரே ஒரு சிறு அட்டை அரும்பெரும் வேலை செய்தது. அம்மைக் கொப்புளங்களோடு ஒரு குழந்தையின் முகம், அவ்வளவுதான். 1973 முதல் ஊழியர்கள் அதை வீடு வீடாக, சந்தை சந்தையாக, பள்ளி பள்ளியாக எடுத்துப்போனார்கள். அறிவுரை சொல்லவில்லை. இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். சொன்னவருக்குப் பரிசு, கடைசி நாட்களில் அது ஆயிரம் ரூபாய்வரை உயர்ந்தது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை நோயாளி இல்லை. அந்தப் படம் பார்த்தவருக்கு ஒரு வேலை கொடுத்தது. குழந்தையின் முகமும் அளவும் நிஜமாக இருந்ததால் கிழவியும் பள்ளிப் பிள்ளையும் அதே பொருளில் அதைப் பார்த்தார்கள்.

பாம்புக்கடிக்கு அந்த மாதிரி முயற்சி தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நஞ்சு ஆராய்ச்சி செய்யும் தமிழர் சக்திவேல் வையாபுரி, முதலில் தமிழ்நாட்டின் 30 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பாம்புக்கடியைப் பற்றியும் அது குடும்பங்களைக் கடனில் தள்ளுவதைப் பற்றியும் தகவல் திரட்டினார். 2013-இல் அது வெளிவந்தது. பிறகு அவரும் தமிழ்நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து கிராமங்களிலும் பள்ளிகளிலும் குறும்படம், சுவரொட்டி, துண்டறிக்கை, நேர்ப்பேச்சு என்று பல வழிகளில் பிரசாரம் செய்தார்கள். முன்னும் பின்னும் மக்களிடம் கேட்டு, விழிப்புணர்வு கூடியதை 2020-இல் வெளியிட்டார்கள். முன்னும் பின்னும் கேட்டார்கள் என்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்ல விரும்புகிறேன். சுவரொட்டி அச்சிட்டு ஒட்டிவிட்டு எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுவதோடு முடியும் பிரசாரங்கள் நம்மிடம் ஏராளம்.

தென்கிழக்கு நேபாளத்தில் தமக் நகரைச் சுற்றிய கிராமங்களில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. அங்கே பாம்புக்கடி பற்றிய பிரசாரத்தோடு, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தன்னார்வலர்களையும் ஏற்பாடு செய்தார்கள். ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை உட்காரவைத்துச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோவார்கள். கடிபட்டவர்களில் இறப்பவர்கள் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தார்கள். படம் காட்டிய செயலைச் செய்ய ஊரில் ஒரு வண்டியும் இருந்தது. நமக்கு 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. கருவேப்பிலங்குறிச்சிக்கு ஒரு படம் வரைவதென்றால், அதில் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்குப் போகும் சாலை இருக்க வேண்டும், 108 இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் எழுப்ப வேண்டிய பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளும் இருக்க வேண்டும்.

மருத்துவமனைக்குள்ளேயே கண்ணால் பார்த்து நம்பக்கூடிய ஒரு காட்சி இருக்கிறது. நோயாளியிடமிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, தொடாமல் இருபது நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் ரத்தம் கட்டியாக நிற்கும். கண்ணாடி விரியன் நஞ்சு இறங்கியிருந்தால் தண்ணீராக ஓடும், ஏனென்றால் உறைதலுக்கு வேண்டிய புரதங்களை நஞ்சு முன்பே செலவழித்துத் தீர்த்திருக்கும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். “மருந்து வேண்டாம், மந்திரிக்கக் கூட்டிப்போகிறேன்” என்று நிற்கும் உறவினரிடம் அந்தக் குழாயைச் சாய்த்துக் காட்டினால் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பக்கத்தில் அவருடைய ரத்தத்தையே இன்னொரு குழாயில் உறையவைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. காட்சியால் அறிவியலைச் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கண்ணால் காட்ட இன்னொரு வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் ஊர். தொழிற்பேட்டையில் பொம்மைகளும் மின்சாதனங்களுக்கான பீங்கான் பாகங்களும் செய்கிறார்கள். பீங்கான் தொழில் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் உண்டு. கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் மோல்டில் ஊற்றினால், மோல்டு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் ஒட்டிய மண் பொம்மையின் உடலாகும். காயவைத்து, சுட்டு, கிளேஸ் பூசி, ஆயிரம் டிகிரிக்கு மேல் மறுபடி சூளையில் வைப்பார்கள். பாம்பைக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டுவிரியனின் மினுக்கும் கருப்பை கிளேஸ் அப்படியே கொடுக்கும். அதன் வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே மங்கி, வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குத் தலைப்பக்கம்தான் தெளிவு. தட்டையான படத்தில் நழுவும் இந்த வேறுபாடு கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பிடிபடும். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ நினைத்துக் கையால் தூக்கியவர்கள் உண்டு. முதுகில் மூன்று வரிசையாக ஓடும் சங்கிலிக் கண்ணிகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கட்டும். பாம்பை அடையாளம் காணும் அறிவு கடிபடுவதற்கு முன்னால் உதவும் அறிவு. எங்கே கை வைக்கக் கூடாது, எதை அடிக்காமல் விடலாம் என்று அது சொல்லும்.

பாம்பை மட்டும் செய்தால் மறுபடி ரசலின் வெள்ளைத் தாளுக்கே திரும்பிவிடுவோம். நவராத்திரிக் கொலுவில் கல்யாண ஊர்வலம், சந்தை, கிராமம் என்று செட்டு செட்டாகப் பொம்மைகள் வைக்கிறோம். பொம்மைகளை அடுக்கிக் கதை சொல்வது நம் வீடுகளுக்குப் பழகிய கலை. அந்த வழியில் ஒரு செட்டு: பாயில் தூங்கும் பையன், அருகே பாம்பு, அதே பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மா கையில் டார்ச், பெரிதாக, இமை சரிந்த முகம், அசையாமல் வைத்த கை, மோட்டார் சைக்கிள், கட்டிலும் குப்பிகளும். கடைசியாகக் கொசுவலையை நான்கு பக்கமும் பாயின் அடியில் செருகித் தூங்கும் பையன். கொசுவலை பாம்பையும் தடுக்கிறது என்பது நேபாளத்தில் ஆராய்ந்து கண்டது. பள்ளிகளிலும் கிராம சுகாதாரச் செவிலியரின் பையிலும் இருக்க வேண்டிய செட்டு இது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பாம்புக்கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க ஒன்றிய அரசு அதே ஆண்டு மார்ச்சில் திட்டம் வெளியிட்டது. இத்தகைய வேலைக்கு இதைவிட ஏற்ற நேரம் வராது.

மோல்டு ஊற்றிய பிறகு திருத்துவது செலவு. ஆகவே மண்ணாக இருக்கும்போதே கருவேப்பிலங்குறிச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் கட்டுகிறவர், முந்திரி பொறுக்குகிறவர், தாழ்வாரத்தில் பாய் விரிக்கிறவர் முன்னால் ஒரு விளக்கமும் சொல்லாமல் வைத்துவிட்டு, இதில் என்ன நடக்கிறது, இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று, நீங்களாக இருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். மூன்றாம் கேள்விக்குக் கயிறு எடுப்பேன் என்று பதில் வந்தால், அசையாமல் வைத்த கையின் பொம்மையை மாற்றி வனைந்து இன்னொரு முறை கொண்டுபோக வேண்டும்.